பொட்டு வைத்த நட்டு

புளியமரத்தடியில் பிணம் கிடந்தது.

அதைச் சுற்றி நின்று பொரி தின்றுகொண்டிருந்தார்கள்!

ஜீப்பிலிருந்து குதித்த இன்ஸ்பெக்டர் விருத்தாசலத்துக்கு முதலில் பிணம் தெரியவில்லை. வாய்கள்தான் தெரிந்தன. மென்றுகொண்டே இருக்கிற வாய்கள்! நேற்று ஆயுத பூஜை. இன்று விஜயதசமி. ஆளாளுக்கு மடியில் நேற்றைய பொரிகடலை.

"வெலகுங்கய்யா! இங்க என்னா சினிமாவா ஓடுது? டிக்கெட் வாங்கினீங்களா?"

கூட்டம் ஓரடி நகர்ந்தது. மெல்லுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சே! என்ன ஜென்மங்களோ!

ஸ்டியரிங்கில் பூசியிருந்த சந்தனம் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. எரிச்சலோடு பேன்ட்டில் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோடு. விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. அங்கே வளைந்திருக்க வேண்டிய புல்லட் வளையவில்லை. நேராகப் போய் மரத்தில் அடித்திருந்தது.

செத்தவன் தேவநாதன். திண்டிவனத்தில் வீடியோ கடை வைத்திருந்தவன். கல்யாணமோ, காதுகுத்தோ, தோளில் கேமராவோடு முதல் ஆளாக நிற்பான். முப்பது வயதுகூட ஆகவில்லை.

இடது மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் தடம்.

வாட்ச் இல்லை!

"உசிரு இருக்கும்போதே கழட்டினீங்களா... இல்ல, போவட்டும்னு காத்துக்கினு இருந்தீங்களா?"

பொரி மெல்லுகிற சத்தம்தான் கேட்டது.

"த்தூ!"

ஹெட் கான்ஸ்டபிள் பெரியசாமி ஓடிவந்து விறைப்பாக சல்யூட் அடித்தார். தோளில் ஒரு மஞ்சள் பை.

"சைக்கிள்ல பந்தோபஸ்துக்குப் போய்க்கினு இருந்தேங்கய்யா. டமார்னு சத்தம்! மொத ஆளா ஓடியாந்தது நான்தாங்க. அதுக்குள்ள முடிஞ்சிப் போச்சி..."

"வாட்ச்ச எவன் எடுத்தான்?"

"ஆம்புலன்சுக்குப் போன் பண்ண டீக்கடை வரைக்கும் போனேங்க. அந்த கேப்புல எவனோ..." என்றவர் மஞ்சள் பையின் வாயைத் திறந்து நீட்டினார். "ஐயா காலையில ஒன்னும் சாப்ட்டிருக்க மாட்டீங்க. நம்ம ஸ்டேஷன் பூஜைப் பொரி. ஒரு புடி எடுத்துக்குங்க..."

விருத்தாசலம் பையைத் தள்ளிவிட்டார்.

"பொணத்து மேல ஈ மொய்க்குது... பொரியா திங்கச் சொல்ற? நீயே கொட்டிக்க!"

பெரியசாமி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

புல்லட்டைப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். முன்னால் கிராஷ் கார்டிலிருந்து ஓர் இரும்புப் பட்டை மேலே எழும்பியிருந்தது. அதன் தலையில் ஒரு தட்டு. தட்டில் லாரி டியூப் ரப்பர். ரப்பர் மேல் கேமரா. குலுங்காமல் இருக்க சைக்கிள் டியூபால் வரிந்து கட்டியிருந்தார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே ரோட்டைப் படம் பிடிப்பதற்காக!

அந்தப் பட்டைதான் சாய்ந்து ஹேண்டிலுக்குள் புகுந்து இறுகியிருந்தது.

"மெக்கானிக் சுப்பராயலு வேலைங்க இது" என்றார் பெரியசாமி. "நட்ட சரியா முடுக்கல. அவன் அலட்சியத்துக்கு ஒரு உசிரு! இப்பவே தூக்கி உள்ள போட்டுடலாங்கய்யா."

"இரு."

கேமராவின் பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கேசட் இல்லை!

விருத்தாசலத்தின் புருவம் ஏறியது. வாட்ச்சைத் திருடுகிறவன் புரிகிறது. இவ்வளவு விலையுள்ள கேமராவை விட்டுவிட்டு வெறும் கேசட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவன்...?

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கி ஓடிவந்தவன் ராஜாமணி. தேவநாதனின் தங்கை புருஷன்.

"சார்! சார்! கேமராவுக்கு ஒன்னும் ஆவலியே சார்?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"கீழ படுத்திருக்கிறது யாருன்னு தெரியுதா?"

"தெரியுது சார். எங்க மச்சான்தான். ஆனா அது ஃபாரின் கேமரா சார்! போனா வராது!"

"ஆளு போனா வந்துடுவானாய்யா?"

ராஜாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கண் கேமரா பக்கமே போயிற்று.

*கருமம்டா சாமி!*

பிணம் விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனதும், விருத்தாசலம் பட்டையின் அருகில் உட்கார்ந்தார். மூன்று போல்ட். கீழே இரண்டு, மேலே ஒன்று. பட்டை பின்னால் சாயாமல் பிடிப்பது மேலே உள்ளதுதான். கீழ் இரண்டிலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டை நட்டு. கல்லு மாதிரி இறுகியிருந்தன. மேலே ஒற்றை நட்டுதான். அதுவும் கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றுக்கும் பூஜைப் பொட்டு வைத்திருந்தார்கள். மஞ்சளாக ஒரு வட்டம், நடுவில் குங்குமம்.

மூன்றாவது நட்டைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

ஒரு வாசனை... எங்கேயோ முகர்ந்த வாசனை!

* * *

திண்டிவனத்தில் சுப்பராயலுவின் பட்டறை. வாசலில் கட்டிய வாழைக்கன்று இன்னும் வாடவில்லை.

ஜீப் நிற்பதற்குள் பெரியசாமி குதித்து சுப்பராயலுவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்.

"வாடா! ஒழுங்கா முடுக்கத் தெரியாதவன் எதுக்குடா ஸ்பேனர் புடிக்கிற?"

சுப்பராயலு மரம் மாதிரி நின்றான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் மனைவி கிருஷ்ணவேணி குறுக்கே பாய்ந்தாள். நிறைமாதக்காரி.

"கைய எடுங்க ஏட்டய்யா! என் வூட்டுக்காரரு கட்டுனது அவுராது!"

"உடு அவன" என்றார் இன்ஸ்பெக்டர். "சொல்லுய்யா. எப்டி கட்டுன?"

"நம்ம தேவா ஹேண்டில் மேலயே கேமராவ வைக்கச் சொல்லிச்சிங்க" என்றான் சுப்பராயலு. "முடியாதுன்னுட்டேன். அவ்ளோ வெயிட்ட ஹேண்டில்ல ஏத்துனா வண்டி இழுக்குங்க. அதான் கிராஷ் கார்டுல பட்டை நிறுத்துனேன். ஹேண்டில் தனியா திரும்பும். குலுக்கலுக்கு நட்டு லூசாவக் கூடாதுன்னு மூணு போல்ட்டுக்கும் ரெண்டு ரெண்டு நட்டு. கேமரா எடைக்கு ஒரு கருங்கல்ல வச்சிக் கட்டி, மயிலம் வரைக்கும் நானே ஓட்டிப் பாத்துட்டுதான் குடுத்தேன். 'கல்லுக்குப் படம் காட்றியாடா'ன்னு தேவா கிண்டல் பண்ணுச்சி..."

விம்மினான்.

"ரெண்டு நட்டா? மேல ஒன்னுதானே இருக்கு?"

"இருக்காதுங்க! நேத்து சாயங்காலம் முடுக்கிட்டுத்தான் பூஜைக்கு வுட்டேன். அப்புறம் யாரும் ஸ்பேனரத் தொடவே இல்லீங்க. தொடுவோமா?"

விருத்தாசலம் உள்ளே எட்டிப் பார்த்தார். சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் ஸ்பேனர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் காய்ந்த பொட்டு, மேலே ஒரு சாமந்தி. பொட்டு கலையவில்லை. பூ நகரவில்லை. பூஜையில் வைத்ததை இன்னும் எடுக்கவே இல்லை!

"பொட்டு யாரு வச்சது?"

"நான்தாங்க" என்றாள் கிருஷ்ணவேணி. "வண்டிக்கு, ஸ்பேனருக்கு, எல்லாத்துக்கும்."

"சந்தனமா?"

"சந்தனத்துக்கு எங்கங்க போறது? மஞ்சள அரைச்சிக் கொழைச்சி வச்சேன். வேணும்னா அம்மிய மோந்து பாருங்க!"

கீழ் நட்டு இரண்டிலும் மஞ்சள்.

மேல் நட்டில் மட்டும் சந்தனம்!

எவனோ பொட்டு வைத்த பிறகு வந்து, மேல் போல்ட்டின் இரண்டு நட்டில் வெளி நட்டைக் கழற்றி, அடியில் இருந்ததைத் தளர்த்தியிருக்கிறான். பொட்டில்லாத நட்டு மொட்டையாகத் தெரியுமே என்று பயந்து, கைக்குக் கிடைத்ததை அப்பியிருக்கிறான். சாயங்கால வெளிச்சத்தில் மஞ்சளும் சந்தனமும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

கொலை செய்கிற கை பொட்டும் வைத்திருக்கிறது. தூ!

"நேத்து பூஜைக்கு யார் யார் வந்தாங்க?"

"வண்டிய வாசல்ல வுட்டுட்டு நாங்க உள்ள படையல் போட்டுக்கினு இருந்தோங்க" என்றாள் கிருஷ்ணவேணி. "ராஜாமணி வந்தாரு. காதர் பாட்சா பாய் வந்தாரு. ஏட்டய்யாகூட ஜீப்புல வந்து பொரி வாங்கினு போனாரு."

"எனக்கு அந்த ராஜாமணி மேலதாங்க டவுட்டு" என்றார் பெரியசாமி பொரியை மென்றபடி. "வந்ததும் கேமராவத்தானே கேட்டான்? கடையப் புடிச்சிக்க மச்சானத் தீத்துட்டான்!"

"இருக்கலாம்... வா, போவலாம்."

விருத்தாசலம் ஜீப்பில் ஏறினார். ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

கையில் மறுபடி பிசுபிசுப்பு.

முகர்ந்தார்.

பன்னீர் கலந்த சந்தனம்!

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளுக்குள் மட்டும் ஏதோ அழுகிப்போன நாற்றம்.

* * *

வீடியோ கடை வாசலில் காதர் பாட்சா உட்கார்ந்திருந்தார். கோட்டகுப்பத்துக்காரர். ஷார்ஜாவில் பல வருஷம் உழைத்துச் சம்பாதித்த கேமராவை தேவநாதனிடம் கொடுத்து, கூட்டுக்குத் தொழில் பார்த்தவர்.

"சார்... தேவா எங்க சார் இருக்கான்? மூஞ்சியப் பாக்கலாமா?"

காலையிலிருந்து செத்தவனைப் பற்றிக் கேட்ட முதல் ஆள்! விருத்தாசலம் அவர் தோளைத் தொட்டார்.

"விழுப்புரம் ஆஸ்பத்திரில. பாய், ஒங்க கேமரா ஒடஞ்சிடுச்சி."

"கேமரா கெடக்கட்டும் சார்! கோலியனூர்ல ஒரு அம்மா புதுப் புடவை கட்டிக்கினு வாசல்லயே நிக்குது. மகன் குவைத்துல. திண்டிவனத்துலேருந்து அவன் வூட்டு வாசல் வரைக்கும் ரோட்டப் படம் புடிச்சி அனுப்பச் சொல்லியிருந்தான். அங்க போயி நான் என்னா சொல்லுவேன்?"

"ரோட்ட எதுக்குய்யா பாக்கணும்?"

"பாலைவனத்துல இருந்து பாருங்க சார், தெரியும்! நம்ம ஊரு புளியமரம், டீக்கடை, ரோட்டுல காயுற மல்லாட்டைக் கடலை... எங்க புள்ளைங்க வீடியோ டெக்க நிறுத்தி நிறுத்திப் பாத்து அழுவுறாங்க. மொதல்ல பாண்டிச்சேரி எல்லையிலேருந்து கோட்டகுப்பம் வரைக்கும் எடுத்தோம். விடிகாலைல."

"அந்தக் கேசட் எங்க?"

"காப்பி உள்ள இருக்குது சார்."

"போடுங்க. பெரியசாமி! டி.வி. பக்கத்துல நின்னு அந்த பட்டன அமுக்கு."

பெரியசாமியின் வாயில் பொரி மெல்லப்படாமல் நின்றது.

"ஐயா... கேஸ் வேலை கெடக்குது..."

"அமுக்குய்யா!"

படம் ஓடியது. ரோடு நீண்டது. கையாட்டிக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகள். ஒரு பள்ளிவாசல். ஒரு தென்னந்தோப்பு. தோப்பு ஓரம் ஒரு லாரி. லாரியிலிருந்து சாராயப் பெட்டிகளை இறக்கி ஒரு வேனில் ஏற்றிக்கொண்டிருந்தது ஒரு காக்கிச் சட்டை. புல்லட் சத்தம் கேட்டு அது திரும்பிப் பார்த்தது.

பெரியசாமி!

கையில் பெட்டி. வாயில் பீடி.

டி.வி.யில் ஒரு பெரியசாமி. டி.வி. பக்கத்தில் வெலவெலத்துப்போய் ஒரு பெரியசாமி.

"அல்லாவே...!" காதர் பாட்சா எழுந்துவிட்டார். "நேத்து பட்டறையில தேவா சிரிச்சிக்கினே சொன்னான் சார்... 'ஏட்டய்யா, நீங்ககூட நம்ம படத்துல வர்றீங்க, ஒரு நாளு ஸ்டேஷனுக்கே கேசட்ட எடுத்தாந்து காட்டுறேன்'னு. வெள்ளந்திப் பையன் சார்! பெட்டிய அவன் கவனிக்கவே இல்ல!"

"பொய்ங்கய்யா! நான்... நான்..."

"பட்டறை ஸ்பேனர் எல்லாம் பூஜைல. நீ ஜீப் ஸ்பேனரால கழட்டுன. ஜீப்புக்குப் பூசுன பன்னீர்ச் சந்தனத்த எடுத்துப் பொட்டு வச்ச. அந்தம்மா வச்சது மஞ்சள். காலைல மொத ஆளா ஓடிப்போயி, துடிச்சிக்கினு இருந்தவன் வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாம, கேசட்ட உருவுன!"

"சத்தியமா என்கிட்ட கேசட் இல்லீங்கய்யா!"

விருத்தாசலம் கையை நீட்டினார்.

"காலைல ஒரு புடி பொரி எடுத்துக்குங்கன்னு நீட்டுனியே... இப்ப குடு."

பெரியசாமி மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். விருத்தாசலம் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். பொரி கொட்டியது. கடலை கொட்டியது. வெல்லத் துண்டு உருண்டது.

கடைசியில் 'தொப்'பென்று விழுந்தது... கேசட்!

"ஆளு சாவணும்னு நெனக்கலீங்கய்யா!" பெரியசாமி தரையில் மடிந்து உட்கார்ந்தார். "கேமரா வுழுந்து ஒடஞ்சா போதும்னுதான்..."

"பட்டை சாஞ்சா எங்க போயி அடிக்கும்னு ஒனக்குத் தெரியாதா? அடிபட்டவன் பக்கத்துல நின்னு பொரி தின்ன பாரு... அதுக்கு சட்டத்துல தண்டனை இல்லாமப் போச்சேய்யா! ஒன் படம் இதுலன்னு நெனச்சி உருவுன... இதுல இருக்கிறது இன்னைக்கி எடுத்த வெறும் ரோடு. ஒண்ணுமில்லாத கேசட்டுக்கு ஒரு உசிரு. ஒரு புள்ளத்தாச்சியோட புருஷன ஜெயிலுக்கு வேற அனுப்பப் பாத்த!"

வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். வாசலில் கிருஷ்ணவேணி மூச்சிரைக்க வந்து நின்றிருந்தாள்.

"நீ வூட்டுக்குப் போம்மா. ஒன் வூட்டுக்காரர ஸ்பேனர எடுக்கச் சொல்லு. அவுரு முடுக்குனது அவுரல."

அவள் கையெடுத்துக் கும்பிட்டு, அப்படியே உடைந்து அழுதாள்.

பெரியசாமி இன்ஸ்பெக்டரின் காலைப் பிடித்தார்.

"ஐயா! வெளிய தெரிஞ்சா மானம் போயிடுங்க. அந்தக் காப்பிய மட்டும் அழிச்சிடுங்கய்யா!"

"இவுர யாருக்கும் தெரியக் கூடாதாமே பாய்?"

காதர் பாட்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒரிஜினல் கேசட் போன வாரமே ஏரோப்ளேன் ஏறிடுச்சி சார். ஷார்ஜாவுல எங்க ஊரு ஆளுங்க ரூம் ரூமாப் போட்டுப் பாத்துக்கினு இருக்காங்க. 'யாரு அந்தப் பொட்டி தூக்குற போலீசு'ன்னு நேத்துகூட ட்ரங்க் கால்ல கேட்டாங்க. எனக்குத்தான் அப்ப வெளங்கல!"

விருத்தாசலம் பெரியசாமியின் கையில் விலங்கை மாட்டினார்.

"எந்திரிய்யா! ஒன் மூஞ்சி பாஸ்போர்ட் இல்லாமயே ஃபாரின் போயி செட்டிலாயிடுச்சி... ஒடம்பு மட்டும் ஏன் இங்க கெடக்கணும்? கடலூர் ஜெயில் வரைக்குமாவது அனுப்பி வக்கிறேன், வா!"