இறக்கக் கூடாத பாட்டு

போல்டி பாடத் தொடங்குமுன்பே யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். இசைத்தாள் கடையின் பின்னறையில் அவளைத் தவிர ஆளில்லை. பழைய பியானோ, கூரை முட்ட அடுக்கிய ஆப்பரெட்டா பாட்டு நாடக இசைத்தாள்கள், புகையும் கரியடுப்பு. கோந்து வாடையோடு அவளுடைய ஈரக் கோட்டின் நாற்றமும் சேர்ந்து மூக்கை அடைக்க, வெளியே டிராம் வளையும்போதெல்லாம் பியானோக் கம்பிகள் முனகி அடங்க, வியன்னாவின் பனிக்கால மாலை ஜன்னலில் அழுக்காக அப்பிக்கிடந்தது.

மத்தியானத்திலிருந்து சட்டை போட்டுப் பார்ப்பதுபோலப் பாட்டுகளைப் பாடிப் பார்த்து ஓய்ந்திருந்தாள். அந்தக் காலத்து ஆப்பரெட்டாக்காரர்கள் பாட்டையே ஒருத்தியின் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்தவர்கள். பின்னால் வருகிறவர்கள் சுருதியை இறக்கி, பிரித்துத் தைத்து மாட்டிக்கொள்வார்கள். ஐம்பதை நெருங்கும் போல்டிக்கு எதை இறக்கினாலும் கழுத்தைப் பிடித்தது. நாளை கோடை அரங்கத்துக்கான குரல் தேர்வு. பொருந்துகிற பாட்டு ஒன்று சிக்காவிட்டால் மேடை அவ்வளவுதான். நாத்தனாரின் தொப்பிக்கடையில் ஊசி கோக்க வேண்டியதுதான்.

கடைக்காரர் வோந்த்ராச்செக் தலையை நீட்டினார்.

“என்ன அம்மணி, இதுவும் இடுப்புல பிடிக்குதா?”

“கிண்டல் வேண்டாம். சுருதியை இறக்கி எழுதிக் குடுங்க, போதும்.”

“இத மட்டும் இறக்கக் கூடாது. யாருக்குத் தைச்சாங்களோ அந்தம்மா மேடையில பாடவே இல்ல. அதுக்குள்ள போய்ச் சேந்துட்டா. மடிப்புக் கலையாத சரக்கு!”

“செத்தவ செருப்பையும் புதுசுன்னு விப்பீங்க நீங்க.”

“அளவு சரியா இருந்தா நீங்களும் வாங்குவீங்க!” சிரித்தபடி முன்கடைக்குப் போனார்.

இறக்காமலே பாடினாள். பொருந்தியது. தோளில், கழுத்தில், எங்கும் இழுக்காமல் பொருந்தியது. எப்போதோ அவளைக் கைவிட்டுப்போன உச்ச ஸ்வரம்கூடத் தானாக வந்து உட்கார்ந்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அந்த மூச்சு. காதோரம். முதலில் அது, பிறகு அவள். அலுப்பில் காது கோளாறு பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த அடியில் அவள் மூச்சே எடுக்கவில்லை.

நெஞ்சு தானாக நிறைந்தது.

கையைப் பியானோவிலிருந்து எடுத்தாள். வாயை மூடினாள்.

பாட்டு நிற்கவில்லை.

அவள் குரல்தான். அதே லேசான கரகரப்பு. அடுக்குகளுக்கு நடுவிலிருந்து.

சுவரைப் பிடித்துப் பிடித்து முன்கடைக்கு வந்தாள். வோந்த்ராச்செக் கல்லாவில் முழங்கை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“அடேயப்பா! இந்தக் குரல இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? நிறுத்தாதீங்க அம்மணி!” என்று பின்னறைப் பக்கம் திரும்பிக் கத்தினார், கண் திறக்காமலே.

அவருக்கு எதிரே நின்று அவள் வாயைத் திறந்தாள். காற்று. வெறும் காற்று.

பின்னறையில் ஒரு கணம் நிசப்தம். அவள் விலா விரிந்தது. கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்தது.

உச்ச ஸ்வரம் எழுந்தது. நீண்டது. மூச்செல்லாம் அதில் வடிய, அவள் நெஞ்சு ஒட்டத் தொடங்கியது.

இன்னும் நீண்டது.

வோந்த்ராச்செக் தலையாட்டியபடி கல்லாவில் விரலால் தாளம் போட்டார்.