பாத்தாச்சு

சுத்தியல் இறங்கியது. பட்டறைக்கல் வாயைத் திறக்கவில்லை.

அவன் மறுபடி அடித்துப் பார்த்தான். முப்பது கிலோ இரும்பு. வழக்கமாக ஓர் அடி விழுந்தால் இரண்டு வீடு தள்ளிக் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டி முறைப்பார். இப்போது நனைந்த மூட்டையில் அடித்தாற்போல் டொக் என்றது.

சனிக்கிழமை, மாலை நாலரை. வெளியே நல்ல வெயில். ஆனால் கொட்டகையின் ஜன்னலுக்குச் சாக்கு மாட்டியிருந்தான். பழுக்கிற இரும்பின் நிறம் வெளிச்சத்தில் பொய் சொல்லும், இருட்டில்தான் உண்மையைக் காட்டும். அதனால் கத்தி செய்யும் நாளில் உள்ளே எப்போதும் அந்திதான். கரிப்புகையும் சூடான எண்ணெயும் மரத்தூளும் கலந்த அந்த வாடைக்காகவே வாரம் முழுக்கக் குடிநீர் அலுவலகத்தில் கோப்புகளைப் பொறுத்துக்கொள்கிறவன் அவன். கொட்டகைக்கு அவன் மனைவி வைத்திருந்த பெயர் சின்ன வீடு. அவள் இன்று அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள்.

உலையில் கிடந்தது அவன் செய்த கத்தி அல்ல. மாப்பிள்ளை செய்தது.

தங்கையின் கணவர். பொழுதுபோகவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன் இந்தக் கொட்டகைக்குள் வந்தவர். சுத்தியலைப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தது இவன்தான். ஆறே மாதத்தில் இவன் பன்னிரண்டு வருடமாகத் தட்டியதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். கத்தி செய்கிறவர்கள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், மாப்பிள்ளையின் கத்தி கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. அதைக் கடைசியாக வாங்கிப் பார்த்த பெரியவர் இவன் பக்கம் திரும்பி, "நீங்களும் செய்வீங்களா தம்பி?" என்று அன்பாகத்தான் கேட்டார். இவனுக்கு வயிறு எரிந்தது. வீடு வரைக்கும் எரிந்தது. அதற்குப் பிறகும் அணையவில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம். எதையும் தட்டிப் பார்ப்பார். சட்டைப்பையில் மஞ்சள் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஒரு ஸ்குரூ டிரைவர் எப்போதும் இருக்கும். அதைத் திருப்பிப் பிடித்துக் கதவு, தரை ஓடு, கடையில் தர்பூசணி என்று எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்ப்பார். பெண் பார்க்க வந்த வீட்டுச் சுவரையே தட்டினவர். சாணைக்கல்லைப் பொறுத்தவரை அது வெறும் விளையாட்டில்லை. துளையில் விரலை விட்டுத் தொங்கவைத்து நாலு இடத்தில் தட்ட வேண்டும். நாலிலும் டிங் என்றால் கல் நல்ல கல். ஓரிடத்தில் டொக் என்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் வேகத்தில் சுற்றும்போது மட்டும் தெரியும், தெரிந்து பயனில்லை.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு காலையில் புதுக் கல் ஒன்று இவன் கைதவறித் தரையில் விழுந்தது. எடுத்துத் தட்டிப் பார்த்தான். மூன்று டிங். நாலாவது டொக். குப்பையில் போட வேண்டியதைப் பலகைமேல் வைத்தான். ஏன் வைத்தான் என்று அந்த நிமிடம் அவனுக்கே தெரியாது. மாப்பிள்ளை வந்து அந்தக் கல்லை எடுத்தபோது தெரிந்தது.

"தட்டிப் பாத்தீங்களா மச்சான்?"

"பாத்தாச்சு."

"நீங்க பாத்துட்டா அப்புறம் அப்பீல் ஏது." ஸ்குரூ டிரைவர் பையிலேயே இருந்தது. எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிற மனிதர் அன்று ஒன்றை மட்டும் தட்டவில்லை.

இவன் தண்ணீர் எடுக்க வெளியே போனான். சத்தம் கேட்ட பிறகும் குவளை நிரம்பும் வரை நின்றான். வெடித்த கல்லின் துண்டு மாப்பிள்ளையின் இடது புருவத்துக்கு மேலே பாய்ந்திருந்தது. உயிர் போயிருந்தது.

நான் பொய் சொல்லவில்லையே என்று அன்றிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான். தட்டிப் பார்த்தது நிஜம். என்ன கேட்டது என்று யாரும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். மாப்பிள்ளை பாதியில் விட்ட கத்தியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"இத முடிச்சுக் குடுண்ணா. அவர் கைபட்டது, வீட்ல இருக்கட்டும்."

"குடும்மா. சனிக்கிழம ஆறு மணிக்கு வா."

வாசல்வரை போனவள் திரும்பினாள். "அன்னிக்கு அந்தக் கல்ல நீ தட்டிப் பாத்தியாண்ணா?"

"பாத்தாச்சும்மா."

அவள் அவன் முகத்தையே சற்றுநேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அன்று இரவு சாப்பாட்டுத் தட்டில் கரண்டி பட்டபோது சத்தம் வரவில்லை. மறுநாள் அலுவலகத்தில் மேசைமணியை அழுத்தினால் டொக். வீட்டுச் சாவிக்கொத்து பைக்குள் கூழாங்கல்லாகக் கிடந்தது. அவன் தொட்ட இரும்பெல்லாம் ஒவ்வொன்றாக வாயடைத்துப்போனது. மற்றவர்கள் தொட்டால் எல்லாம் ஒழுங்காக ஒலித்தது.

கத்தி செம்பழுப்பைத் தாண்டி ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. குறடால் எடுத்து, இரும்பு இறுகத் துவைச்சல் போட எண்ணெயில் முக்கினான். எண்ணெய் கொதித்துச் சீறியது, புகை எழும்பி முகத்தை மூடியது, புகைக்குள் வேறு ஏதோ ஒரு வாடை, மாப்பிள்ளை தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாடை, வந்து மூக்கில் நின்றுவிட்டது. கத்தியை வெளியே எடுத்தான். கைப்பிடிப் பக்கம் பிடித்துத் தட்டினான்.

டொக்.

லென்ஸ் வைத்துப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கைபடாத ஒரு சத்தம் பின்னாலிருந்து வந்தது.

டொக்.

மூலையில் தண்ணீர்க் குழாய். யாரோ அதைத் தட்டினார்கள். கனமாக இல்லை. பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டுகிற பக்குவம். மாப்பிள்ளையின் ஸ்குரூ டிரைவரை அன்று அவன்தான் பையிலிருந்து எடுத்து, போலீஸ் வருவதற்குமுன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். இப்போது இழுப்பறை திறந்திருந்தது.

அலமாரி. டொக். இடுக்கி மாட்டிய கம்பி. டொக். ஒவ்வொன்றுக்கும் இடையே ஓர் இடைவெளி, காது கொடுத்துக் கேட்கிற இடைவெளி. பட்டறைக்கல். டொக். அது இரண்டடி தூரம். பிறகு அவனுடைய வலது தோள்.

டொக்.

வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சதையில் தட்டிய சத்தமே இல்லை அது. இடது தோள். டொக். முதுகு நடுவில். டொக். மூன்று. எண்ண வேண்டாம் என்று நினைத்தான். எண்ணினான். ஓடவேண்டும். கால் வரவில்லை. நாலாவது இடது புருவத்துக்கு மேலே, மெதுவாக.

டொக்.

கையைக் கொண்டுபோய்த் தடவினான். மயிர் கனத்துக்கு ஒரு கோடு. நகம் உள்ளே இறங்கியது. ரத்தம் இல்லை. ஈரமே இல்லை. கோடு உச்சந்தலை தாண்டிப் பின்மண்டைக்குப் போய்க்கொண்டே இருந்தது.

தகரக் கதவைத் தங்கை தட்டினாள். டிங் டிங் என்று என்ன சுத்தமாக ஒலித்தது! அவனுக்கு அழுகை வந்தது.

"அண்ணா? ஆறு மணி ஆச்சு. உள்ளதான் இருக்கியா?"

சொல்லிவிடலாம். இப்போதே. அந்தக் கல் கெட்டது என்று எனக்குத் தெரியும்மா. ஒரே வாக்கியம். வாயைத் திறந்தான். கோடு கொஞ்சம் விரிந்தது. மூடிக்கொண்டான்.

"அண்ணா. எல்லாம் பாத்தாச்சா?"

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து, அக்கறையான, பழகிய குரல் பதில் சொன்னது.

"பாத்தாச்சு."

ஏழு வாரமாகக் கேட்காத குரலை அவள் கேட்டுவிட்டாள். கதவைத் திற என்று அவன் மனதுக்குள் கத்தினான். திறம்மா. கால்மணி நேரம் போலிருந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு கதவின் வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

டிங்.

சாணை மோட்டாரின் மரை தானாகக் கழன்று பலகைமேல் உருண்டு நின்றது. கல் இல்லாத அச்சு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் முனகியது. அச்சு சுற்ற ஆரம்பித்தது. மெல்ல. அப்புறம் வேகமாக.

இரண்டு கைகள் வந்து அவன் தலையை இருபுறமும் பிடித்தன. குளிர்ந்த கைகள். கட்டைவிரல் காதோரம், மற்ற விரல்கள் பின்மண்டையில். நசுக்கவில்லை. பதமாக, கீழே விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு கல்லைத் தூக்குகிறவர் தூக்குவதுபோல், அச்சின் உயரத்துக்குத் தூக்கின.