காற்று அலுவலரின் கட்டைவிரல்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் அங்கயற்கண்ணி விரல் வைத்த பிறகுதான் காலையும் மாலையும் காற்று திறக்கும். காற்று அலுவலர் என்பது அவள் பதவி. ஒப்புதல் பலகையில் வலக் கட்டைவிரலைப் பதிப்பாள். ஊர் மூச்சு விடும். கல்யாணம் காட்சி என்று ஒருநாள்கூட அவள் விடுப்பு எடுத்ததில்லை. எடுத்தால் இத்தனை ஜனமும் என்ன ஆவது?

அந்தக் கட்டைவிரல்தான் முந்தின நாள் இரவு காற்றடைப்புக் கதவில் சிக்கி அடியோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தவள் கையைப் பார்க்கவே இல்லை. "காலைக் காத்துக்கு யாரு விரல் வச்சா?" என்று பதறினாள்.

"மொதல்ல உங்க கையப் பாப்போம் மேடம்," என்றது அறுவைசிகிச்சை எந்திரன். "அறுந்த நரம்பு சும்மா கெடக்காது. துளிர்த்து, போன விரலைத் தேடும். கெடைக்கலன்னா அங்கேயே சுருண்டு முடிச்சாயிடும். அப்புறம் போர்வை உரசினாக்கூட உயிர் போகும். காலத்துக்கும்."

"அதுக்கு என்ன செய்யறது?"

"தொடையிலேருந்து துளி தசை எடுத்து நரம்பு நுனியில சுத்திடுவோம். நரம்பு அதுல எறங்கி அடங்கிடும்."

"அந்தத் தசை என்ன வேலை செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. ஆனா தனக்கு ஒரு வேலை இருக்குன்னு நரம்பு நெனச்சுக்கும்."

அந்த வேதனையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அசட்டு நரம்பு!" என்றாள். மறுகணம் கவலை மறுபடி பிடித்துக்கொண்டது. "சாயங்காலக் காத்துக்கு நேரமாச்சு. என்னை விடு, நான் ஆபீஸ் போகணும்!"

அவளுடைய ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியது. அது இறங்காமல் கத்தி வைக்க முடியாது. தள்ளிப்போட்டால் நரம்பு முடிச்சிடத் தொடங்கிவிடும். வேறு வழியில்லாமல் எந்திரன் உண்மையைச் சொன்னது.

"காத்து தானாத்தான் வருது மேடம். எப்பவுமே. உங்க பலகைக்குக் கம்பி இணைப்பே கெடையாது. இங்க எல்லா வேலையும் எந்திரங்க நாங்களே பாத்தப்போ, சும்மா உக்காந்த மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறிக்கிட்டாங்க. அதனாலதான் ஆளுக்கு ஒரு பதவி."

அங்கயற்கண்ணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அழுத்தம் இன்னும் ஏறியது.

கடைசியில் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எழுதிக்கோ. காற்று அறைக்கு மெமோ. இன்று காலை, அலுவலர் ஒப்புதல் இல்லாமல் காற்று திறந்துவிடப்பட்டது ஏன்? உடனடியாக விளக்கம் தேவை. நகல் மேலிடத்துக்கு."

எந்திரன் ஒரு எழுத்து விடாமல் எழுதி நீட்டியது.

"எங்க வைக்கணும்?" என்று இடக் கட்டைவிரலை நீட்டினாள். விரல் பதிந்ததும் ரத்த அழுத்தம் சீரானது.