கதவடைத்த மூன்றாம் நாள்

கதவைத் தட்டுகிறவர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இந்தத் தட்டலுக்கு அது இல்லை. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு நாலைந்து அவசர அவசரமாக. பட்டப்பகல் பதினோரு மணிக்கு லயத்து வீடுகளில் ஈ காக்கை இல்லை, எல்லாரும் செம்பனைக் காட்டில். கால்வாய்ச் சேற்றின் வாடையும், ஆலையிலிருந்து வரும் எண்ணெய்க் கவிச்சியும், பலகைச் சுவரில் பல்லி ஓடும் சரசரப்பும் தவிர நவமணிக்குத் துணை யாருமில்லை. இப்படியொரு தனிமையை அவள் கண்டதேயில்லை.

போன வாரம் கால்வாயோரம் நெஞ்சு படபடவென்று அடித்து மயங்கி விழுந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் கனகலிங்கம் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுது பிள்ளை. மூச்சு முட்டினாலோ, தலை சுத்தினாலோ, நெஞ்சு நொந்தாலோ பாத்துக்கொண்டிருக்காதை. உடனை ஆளனுப்பு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்."

புருஷன் அர்ஜுனன் கேட்டானா? பூசாரி செல்லனிடம் இழுத்துக்கொண்டு போனான்.

"கால்வாய்ல பயந்துருக்கா லா. காப்புக் கட்டியாச்சு. மூணு நாளைக்குக் கதவத் தொறக்காத. பேரு சொல்லிக் கூப்புட்டாலும் தொறக்காத. அது வேண்டியவங்க கொரல்லதான் வரும்."

பாவி, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! இன்று மூன்றாம் நாள்.

மறுபடி தட்டல். பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வாசல் வெறிச்சென்று கிடந்தது. தட்டல் மட்டும் நிற்கவில்லை. காதைப் பொத்தினாள். இன்னும் பலமாகக் கேட்டது.

ஐயோ! கதவில் இல்லை. நெஞ்சுக்குள்.

மூச்சு முட்டியது. கண் இருட்டியது. டிரஸர் சொன்னது இதைத்தானே! யாரை அனுப்புவது? கத்தினால் யாருக்குக் கேட்கும்?

வாசலில் வேன் வந்து நின்றது. சப்பாத்துக் காலடி. கதவில் மூன்று தட்டு, ஒழுங்காக.

"நவமணி! கனகலிங்கம் வந்திருக்கிறன். நீ கதவடைச்சுக் கிடக்கிறாய் எண்டு உன்ரை மனுசன் இப்பதான் சொன்னவன். கதவைத் திற பிள்ளை!"

வேண்டியவங்க கொரல். தாழ்ப்பாளுக்குப் போன கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பேசாதே. அசையாதே. நெஞ்சுக்குள் இரண்டு தட்டு. இடைவெளி. ஒன்று. நீண்ட இடைவெளி.

"பிள்ளை, கேக்குதோ?"

அவர்தான். அவரேதான்! கையை நீட்டினாள். கை எழவில்லை. சிமெண்டுத் தரை கன்னத்தில் சில்லென்று ஒட்டியது. கதவடி இடுக்கில் இரண்டு கறுப்புச் சப்பாத்துகள்.

உள்ளே தட்டல் நின்றுவிட்டது.

மூடாத கண்கள் அந்தச் சப்பாத்துகளையே பார்த்துக் கிடக்க, வெளியே அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.