கை ஓயும் வரை

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் காளியப்பன் 'நிறுத்து' பொத்தானைத் தொட்டு, விரலை எடுத்து, கைலியில் ஈரத்தைத் துடைத்து முடித்த பிறகுதான் பெல்ட் நின்றது.

"நிறுத்துனா டக்குனு நிக்கணுமில்ல தம்பி," என்றார் அவர். "இது என்னமோ யோசிச்சு நிக்குதுங்களே."

ஃபர்ஹான் சிரித்து மழுப்பினான். வீட்டுக்குப் போனதும் மாற்றிவிடுவதாகச் சொன்னான்.

வாழப்பாடியைத் தாண்டித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த, ஜவ்வரிசி செய்யும் அந்த சேகோ பேக்டரி, அவன் அக்கா கணவர் சமியுல்லாவுடையது. கழுவிய குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, சாய்வான பெல்ட்டில் ஆமை வேகத்தில் ஏறி, ஆணிப்பல் பதித்த உருளை சுழலும் அரவை வாய்க்குள் விழும். மறுபக்கம் வாய்க்காலில் வெள்ளை வெளேரென்று கிழங்குப் பால் ஓடும். பழைய சுவிட்ச் போர்டைப் போன வாரம்தான் கழற்றினார்கள். இப்போது பெல்ட்டின் கீழ்முனையில் ஒரு தொடுதிரை, மேலே மேடையில் ஒன்று, போதாததற்கு சமியுல்லாவின் ஃபோன். எல்லாம் டவுனில், ஃபேர்லேண்ட்ஸில் ஏசி அறையில் உட்கார்ந்து ஃபர்ஹான் எழுதிய புரோகிராம்.

பழைய போர்டை ஈரக் கையோடு ஆட்கள் தட்டோ தட்டென்று தட்டியதில், நின்று நின்று ஓடி ஒரு மோட்டாரே புகைந்துபோயிருந்தது. அதற்காகத்தான் புரோகிராமுக்குள் ஒரு ஃபங்ஷனை, ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பை, எழுதினான். வேறு எந்த ஃபங்ஷனை அதன் கையில் கொடுத்தாலும், உறை போட்டுப் புதிதாக ஒன்றாகத் திருப்பித் தரும். எத்தனை தட்டு விழுந்தாலும் அந்தப் புதியது அசையாது. கை ஓய்ந்து மூன்று விநாடி போனால்தான் ஒரே ஒரு முறை வேலை செய்யும். நடுவில் யார் தொட்டாலும், எங்கிருந்து தொட்டாலும், மறுபடி முதலிலிருந்து மூன்று விநாடி. காத்திருப்பது தெரியட்டுமென்று திரையில் ஒரு மஞ்சள் வளையம் மெல்ல நிரம்பும். முதல் தட்டுக்கே வேலையை முடித்துவிட்டு மிச்சத்தைக் கண்டுகொள்ளாத வகையும் உண்டு. 'நிறுத்து'க்கு அதைத்தான் போட்டிருக்க வேண்டும். சோம்பேறித்தனம். எல்லாப் பொத்தான்களையும் ஒரே வரியில் ஒரே உறைக்குள் தள்ளியிருந்தான்.

சாயங்காலம் மழை கட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரைக்குக் கீழே வெளிச்சம் மங்கி, புளித்த மாவின் நாற்றம் தரையிலிருந்து கிளம்பித் தொண்டையில் ஒட்டியது. பெல்ட் நின்றாலும் அரவை தனி மோட்டாரில் ஓடிக்கொண்டேயிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடக் கேட்காது. கீழ்த் திரைக்குப் பக்கத்தில், கிழங்கு வருவதைக் கவனிக்கும் சென்சாரை மறைத்தபடி ஒரு கிழங்குத் தண்டு சிக்கியிருந்தது. பெல்ட் அசையாமல் கிடந்தது. கிழங்குக் குவியலுக்குப் பின்னால் குனிந்து ஃபர்ஹான் வலது கையை உள்ளே விட்டான்.

குவியல் மறைத்ததால் மேடையில் இருந்த காளியப்பனுக்கு அவன் தெரியவில்லை. அவர் ஏற்கெனவே 'ஓடு' பொத்தானைத் தொட்டிருந்தார்.

பெல்ட் நகர்ந்தது.

பெல்ட்டின் இரும்புப் பட்டைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் விரல்கள் நசுங்கின. சட்டைக் கையும் சேர்ந்து சுருண்டு உள்ளே போனது. இடது கையால் கீழ்த் திரையைத் தட்டினான். தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் வளையம் முதலிலிருந்து தொடங்கியது.

கையை எடு. எடுத்துத் தொலை.

எடுத்தான். உடம்பு முழுவதும் தட்டச் சொல்லிக் கதறியது. மணிக்கட்டில் ஏதோ முறிந்தது. வளையம் கால். அரை. முக்கால்.

காலி.

அவன் தொடவில்லை. நிமிர்ந்து பார்த்தான். பெல்ட் அவனைக் குவியலின் மறைவிலிருந்து வெளியே இழுத்திருந்தது. மேடையில் காளியப்பன், கண் பிதுங்க அவனையே பார்த்தபடி, இரண்டு கையாலும் திரையை அறைந்துகொண்டிருந்தார். அவனைக் காப்பாற்றுகிறார்.

"தட்டாதீங்க! விட்டுருங்க!"

அரவை அதை விழுங்கிவிட்டது. வேண்டாமென்று இடது கையை ஆட்டினான். சீக்கிரம் என்று கெஞ்சுவதாக நினைத்து அவர் இன்னும் வேகமாக அறைந்தார். பெல்ட் அவனைத் தரையை விட்டுத் தூக்கியது. தோள்மூட்டு கழன்றது. அரவை வாயிலிருந்து தெறித்த பால் முகத்தில் விழுந்தது.

காளியப்பனுக்கு மெயின் சுவிட்ச் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரையை விட்டுவிட்டு, அது இருந்த தூரத்துக் கேட் பக்கம் ஓடினார்.

அல்லாஹ். வளையம் நிரம்பியது. கால். அரை. ஃபர்ஹான் மூச்சைக்கூட விடவில்லை. பிழைத்துவிடுவோம் என்று நம்பினான். முக்கால். முக்காலுக்கும் மேலே.

காலி.

ஆபீஸ் ரூம் வாசலில் சமியுல்லா. கையில் ஃபோன். கட்டைவிரல் ஏறி ஏறி இறங்கியது.

"மச்சான்! வேணாம் மச்சான்!"

ஆணிப்பல் முதலில் நகங்களை எடுத்தது. பிறகு விரல்களை. எலும்பு அரைபடும் சத்தம் காதில் விழவில்லை, பற்களுக்குள் கேட்டது. முழங்கை. பெல்ட் அதே ஆமை வேகத்தில் ஏறியது. கன்னத்தில் காற்று அடித்தது. உருளை சுழலும் காற்று.

"விடமாட்டேன்டா, விடமாட்டேன்," என்று அழுதபடி சமியுல்லா தட்டிக்கொண்டே ஓடிவந்தார். வாய்க்காலில் பால் சிவப்பாக ஓடியது. கீழ்த் திரையில் மஞ்சள் வளையம் கொஞ்சம் நிரம்பியது, காலியானது, கொஞ்சம் நிரம்பியது.