பதினோராவது அட்டை

"முன்னாடியே சொல்லியிருக்கணும்ங்க நீங்க!"

"சொன்னேன்! நீங்க வர்றதுக்கு..."

"இது ஜெராக்ஸ்! ஜெராக்ஸ் காகிதத்தை வெச்சு என்னைத் தோக்கடிச்சுட்டு..."

"...முன்னாடியே சொன்னேன்! கால் மணி நேரம் லேட்டா வந்தது யாரு? நானா, நீங்களா? டாக்டர், நீங்களே சொல்லுங்க."

பக்கத்து நாற்காலிப் பல் டாக்டர் தன் கையிலிருந்த அட்டைகளுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார். "சொன்னாங்கப்பா. பதினொண்ணுன்னு சொன்னாங்க. என்னை விட்டுடுங்க. வாரம் பூரா அடுத்தவங்க வாயைப் பார்க்கிறேன், சனிக்கிழமையாவது விடுங்க."

காகிதம், பேனா விற்கிற கடையின் பின் அறை அது. சனிக்கிழமை மதியங்களில் நான்கு மேஜை போட்டுப் படச்சீட்டு ஆடுவார்கள். பரிசு கிடையாது, பந்தயம் கிடையாது. விலை அதிகமான அரிய அசல் அட்டையை வாங்க முடியாதவர்கள் அதன் படத்தை அச்சடித்து, ஒரு சாதாரண அட்டையின் மேல் வைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் செருகி ஆடலாம். ஒரே ஒரு கட்டுப்பாடுதான். கட்டைக் கலைக்கும் முன், எத்தனை நகல் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இன்று ஜெயித்த அவள் ஒருநாளும் சொல்லாமல் உட்கார்ந்ததில்லை. பிரிண்ட் கடையில் வேலை. பார்டர் பிசகாமல் வெட்டுகிற கை. அதனால் அவள் நகல்களுக்கு அந்த அறையில் எல்லோரிடமும் தனி மரியாதை... இன்று புதிதாக வந்த, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் இவனைத் தவிர.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கெட்டி உறையை எடுத்தான். உள்ளே நீலச் சிறகை விரித்தபடி ஒரு குருவி. "பாருங்க. மழைக்குருவின்னா இதுதான். அசல்! உங்களது அதோட நிழல்."

"நிழல்தாங்க உங்களைத் தோக்கடிச்சுது."

டாக்டர் இருமினார். அவன் நிமிர்ந்து பார்த்தான். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கோபத்தில் இன்னும் பெரிதாகிப்போன கண்கள்... மழைக்கு முந்தைய வானம்போல் கனத்திருந்தன. 'ஐயோ, இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா சண்டைக்கு வர்றான்?' என்று நினைத்தவள், அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்துபோனாள்.

அன்றிலிருந்து அவனுக்கு அவள் 'ஜெராக்ஸ்'. அவளுக்கு அவன் 'அசல் சார்'.

சண்டை ஓய்ந்து கேலியாக ஆறு வாரம் ஆனது. ஏழாவது வாரம் கொட்டுகிற மழை. ஒரே குடை. அவன் அதை அவள் தலைக்கும் பிடிக்கவில்லை, தன் தலைக்கும் பிடிக்கவில்லை. சட்டைப் பைக்கு நேராகப் பிடித்தான்.

"குருவி நனையக் கூடாது. நான் நனையலாமா?"

"நீ நனைஞ்சா காஞ்சுடுவ ஜெராக்ஸ்..."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை. பேருந்து நிறுத்தக் கூரையடியில் நின்று அவன் அந்தக் கதையைச் சொன்னான். அப்பா இல்லாத வீடு. அண்ணன்தான் எல்லாம். பத்து வயதில் இவன் ஒரு பெட்டி நிறைய அட்டைகள் சேர்த்து வைத்திருந்தான். ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் பெட்டியைக் காணோம். அழுதவன் கையில் அண்ணன் இந்த ஒன்றை வைத்தானாம். 'உன் பெட்டி மொத்தமும் குடுத்து இதை வாங்கிட்டு வந்தேன்டா. ஆயிரத்துல ஒண்ணு.'

"அப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான், சொல்லு."

மறுவாரம் ஒரு சின்ன லென்ஸ் கொண்டுவந்தான். "உன் கடை லென்ஸெல்லாம் கீறல். இது நானே தேய்ச்சது." அதோடு கெட்டி உறையையும் அவள் உள்ளங்கையில் வைத்தான். "உன் நகல் குருவியை எடுத்துட்டு அந்த இடத்துல இதை வெச்சுக்கோ. இனிமே நீ பத்துன்னு சொன்னாப் போதும்."

இதைவிட அழகாக யார் காதலைச் சொல்லிவிட முடியும்? அவளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை, மெஷின் சூடாகும் இடைவெளியில், குருவியின் கண்ணைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் புது லென்ஸை வைத்தாள். கண் அழகாகத்தான் இருந்தது. லென்ஸ் கொஞ்சம் கீழே நகர்ந்தது, எழுத்துகளுக்கு.

அவள் கை நின்றது.

தன் கட்டிலிருந்து ஒரு சாதாரண அசல் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் எழுத்து தனிக் கறுப்பு, கோடு போட்டாற்போல். குருவியின் எழுத்துக்குள்ளோ சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள்... யாரோ அட்டையை அப்படியே படமெடுத்து அச்சடித்திருக்கிறார்கள். அவள் நாள் முழுக்கச் செய்கிற வேலை. அவளுக்கா தெரியாது?

சொன்னால் அவன் மனதில் இருக்கிற அந்த அண்ணன் போய்விடுவான். சொல்லாவிட்டால்... அந்த மேஜையில் அவளுக்கு இருந்த ஒரே பெருமை போய்விடும்.

சனிக்கிழமை வந்தது. "எத்தனை?" என்றான் அவன், கண் சிரிக்க.

"பத்து."

அடுத்த சனி, பத்து. அதற்கடுத்த சனி, பத்து. மென்றும் விழுங்கியும் எட்டு வாரம் சொன்னாள்.

ஒன்பதாவது சனிக்கிழமை அவன் துள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணனும் அண்ணியும் அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வர்றாங்க. அண்ணன் சரின்னுட்டா, எனக்கு வேற யார் சம்மதமும் வேண்டாம்."

அன்று மேஜைக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்திருந்தாள். கூச்சத்தோடு, "என்கிட்ட ஏழு நகல் இருக்குங்க... பரவாயில்லையா?" என்றாள்.

"தாராளமா ஆடுங்க!" என்றான் அவன். "மறைக்காம சொன்னீங்க பாருங்க, அது போதும். நகல் தப்பே இல்லைங்க. மறைச்சாத்தான் அது போலி. இவகிட்டதான் கத்துக்கிட்டேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "உன்கிட்ட எத்தனை ஜெராக்ஸ்?"

"பதினொண்ணு."

டாக்டர்தான் முதலில் வாய் திறந்தார். "பத்துன்னுதானே..."

"பதினொண்ணு," என்றாள் மறுபடியும். இந்த முறை குரல் உடைந்துவிட்டது.

அவன் அவளையே பார்த்தான். பிறகு அவள் கட்டைப் பார்த்தான். குருவியை உருவி, அவள் பையிலிருந்த லென்ஸைத் தானே எடுத்து வைத்துப் பார்த்தான். எத்தனையோ பேருக்குப் பார்வை சரிசெய்தவன்... இத்தனை வருடத்தில் இதை மட்டும் கிட்ட வைத்துப் பார்த்ததே இல்லை. கூட ஒரு சாதாரண அட்டையையும் பார்த்தான். பார்த்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. பேச்சு ஒரு நிமிடம்கூட இல்லை.

திரும்பி வந்து நின்றான். "அண்ணன் சிரிக்கிறாரு. 'இப்பத்தான் கண்டுபிடிச்சியாடா?'ன்னு சிரிக்கிறாரு. பெட்டியை வித்து பைக்குக்கு டயர் மாத்தினாராம். சின்னப் பையன் அழுகையை நிறுத்த அது போதும்னு நினைச்சாராம்."

"நான் சொல்லலாம்னுதான்..."

"எப்பத் தெரியும்?"

"நீ குடுத்த... அதுக்கடுத்த திங்கட்கிழமையே."

"அவர் ஏமாத்தினது ஒரு தடவைங்க. நீங்க எட்டு சனிக்கிழமை."

'நீ' போய் 'நீங்க' திரும்பி வந்துவிட்டது. குருவியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனான். அண்ணனும் வரவில்லை, அண்ணியும் வரவில்லை.

நான்கு சனிக்கிழமை அவன் நாற்காலி காலி. ஐந்தாவது வாரம், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், பிரிண்ட் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். குடையிலிருந்து சொட்டியது. கண்ணுக்கடியில் கருவளையம்.

"முதலாளி அனுப்பினார். கண் டெஸ்ட் சார்ட், நாலு காப்பி."

"மேட் பேப்பரா, பளபளப்பா?"

"மேட்."

மெஷின் ஓடியது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. அவள் ஓரம் வெட்டினாள், பிசகாமல். சுருட்டி ரப்பர் போட்டாள். அவன் வாங்கிக்கொண்டான். விரல் படாமல் வாங்கிக்கொண்டான்.

"உங்களுக்கு என் மேல பரிதாபம். அதான் மறைச்சீங்க," என்றான், சார்ட்டைப் பார்த்தபடி. "எங்கண்ணனுக்கும் அப்ப அதேதான் இருந்திருக்கும்."

"பரிதாபம்னா முதல் வாரமே சொல்லி, தோளைத் தட்டி அனுப்பியிருப்பேன்," என்றாள் அவள். "பயம். நீ உடைஞ்சுடுவியேன்னு பயம்... உடைஞ்சா என் பக்கமே திரும்பி வரமாட்டியேன்னு அதைவிடப் பெரிய பயம். மத்த பத்தையும் ஊரறியச் சொன்னவ, இந்த ஒண்ணை மட்டும் முழுங்கினேன். ஏன்னா அந்த ஒண்ணுலதான் நீ இருந்த."

அவன் கை கதவுப் பிடியில் இருந்தது. திறக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. வெளியே மழை கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தது. அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து, குருவி இருந்த அந்தக் கெட்டி உறையை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தாள்.

"கலைக்கிறதுக்கு முன்னாடி சொல்லணும்கிறதுதானே நம்ம கட்டுப்பாடு? இப்பச் சொல்றேன், கேட்டுக்கோ... உன்கிட்ட நான் மறைச்சது ஒண்ணு, அது இதோ இருக்கு. மிச்சமெல்லாம் அசல், உன் மேல வெச்ச ஆசை உள்பட. சனிக்கிழமை எதிர்ல உக்காருவியா?"