கண் மட்டும் மிச்சம்

அன்று மத்தியானம் ஸ்ரீப்ரியாவின் வாயிலிருந்து 'ர' காணாமல் போனது.

மழை வரப்போகுது, துணி எடுக்கணும், வைக்கிறேன் என்றுதான் போனில் அப்பாவிடம் சொல்ல வந்தாள். யாரோ வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல அவள் காதுக்கே கேட்டது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை சுமக்கும் கோமதிநாயகம், "என்னம்மா, சோத்த வாயில வச்சுக்கிட்டே பேசுறியா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பேசித்தான் அவள் சோறு தின்றாள். கால் சென்டர் வேலை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். எதிர்த்துப் பேசுகிறாள் என்று மெமோவும் வாங்கியவள்.

நேற்றிலிருந்தே பின்கழுத்து குத்திக்கொண்டிருந்தது. பார்லரில் தலைக்கு மசாஜ் செய்த பெண், சொல்லாமல் கொள்ளாமல் தாடையைப் பிடித்து இரண்டு பக்கமும் வெடுக்கென்று நெட்டி எடுத்துவிட்டாள். சுளுக்கு, வேறென்ன.

கரமனை அக்ரகாரத்தில் விஜயம் மாமி வீட்டு மாடியறையில் அவள் குடியிருந்தாள். ஜன்னல் வழியே ஆற்றுச் சேற்றின் வாடையும், கீழே கொதிக்கும் ரசத்தின் பெருங்காய வாடையும், தென்னை ஓலைகள் ஓட்டில் உரசும் சரசரப்பும் ஒன்றோடொன்று குழம்பி, சுவரோடும் கட்டிலோடும் சேர்ந்து மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போவதுபோல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படியும் இரண்டாகத் தெரிந்தது. எதில் கால் வைப்பது?

கூடத்துக்கு வந்து, "மா..." என்றாள். 'மி' வரவில்லை.

கால் போனது. கை போனது. நாக்கு போனது. வலியே இல்லை. உள்ளே யாரோ அறை அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு நடப்பதுபோல.

தரை சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு தெரிந்தது. எல்லாம் தெரிந்தது.

"டேய் சுமந்த்! இந்தப் பொண்ணு விழுந்துடுத்துடா!"

மாமியின் மகன் ஓடி வந்தான். அவன் விரல் மூக்கருகே வந்தது, சோப்பு வாசனையோடு. "அம்மா, கண்ணு மேல சொருகிடுத்து. மூச்சு இருக்கான்னே தெரியலை. கழிஞ்சுது, உசிர் போயிடுத்துன்னு தோணறது. நான் ஆம்புலன்ஸை விளிக்கறேன்."

இல்லடா முட்டாள். இருக்கேன்.

சத்தம் தலைக்குள் மட்டும் மோதியது.

மாமி பூஜை அறைக்கு ஓடினாள். 'இந்தப் படியை மட்டும் தாண்டாதே, தப்பா நெனச்சுக்காதேடி' என்று முதல் நாளே சொல்லி வைத்த அறை. உள்ளே கத்தி எதையோ கீறும் சத்தம். ஈயம் வைத்து அடைத்த காசிச் செம்பு. இந்த வீட்டு மனிதர்களின் கடைசி மூச்சுக்கென்று பத்திரமாக வைத்திருந்த கங்கை.

"யார் பெத்த பொண்ணோ, பகவானே! அநாதையாப் போகக்கூடாது." மாமி நிஜமாகவே அழுதாள். அவளைத் தெற்கே தலை வைத்துத் திருப்பினாள். உத்தரணிக் கரண்டி செம்பில் பட்டு ஒலித்தது. இரண்டு விரல்கள் உதட்டைப் பிரித்தன.

தண்ணீர்.

விழுங்க முடியவில்லை. இருமவும் முடியவில்லை. பின்னால் வழிந்தது. மூச்சுக்குழலில். நெஞ்சுக்குள் குமிழி விட்டது.

இன்னொரு உத்தரணி.

உசிரோட இருந்தா படி தாண்டக் கூடாது. செத்தாத்தான் கங்கை. நல்லா இருக்கு உங்க நியாயம்.

கோபம் எங்கிருந்தோ ஏறியது. கை கேட்கவில்லை, கண் கேட்டது. மேலே தூக்கினாள். கீழே இறக்கினாள். பார் மாமி. பார்!

"ஜீவன் கண்ணு வழியாப் போறதுடா," என்று விம்மிய மாமி, வெதுவெதுப்பான உள்ளங்கையால் அவள் இமைகளை மூடினாள்.

இருட்டு. தண்ணீர்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைத் தற்செயலாக ஒருக்களித்துத் தூக்கியதால் கங்கை கடைவாய் வழியே வழிந்தது. அதனால் பிழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் இறங்கியது. அதுவும் தெரிந்தது. டியூட்டி டாக்டர் வினீத் டார்ச் அடித்தார். "இடது பக்கம் பார். வலது பக்கம் பார்." பார்க்கத்தான் நினைத்தாள். கண் பக்கவாட்டில் நகரவே இல்லை, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி.

"ரெஸ்பான்ஸ் இல்லை. சி.டி. ஸ்கேன் நார்மல். எதையோ முழுங்கியிருக்கு. லவ் மேட்டரா இருக்கும்," என்றார் நர்ஸிடம்.

லவ்வா? உன் மூஞ்சி.

கண்கள் மேலே போயின. வினீத் அதற்குள் திரும்பிவிட்டார். அந்தப் பக்கமாக வந்த நரம்பியல் டாக்டர் ரெம்யா நின்றாள்.

"சார், அந்தக் கண்ணு மேல போச்சு."

"ரிஃப்ளெக்ஸ்."

ரெம்யா குனிந்தாள். வாயில் ஏலக்காய் மணத்தது. மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள்: "ஸ்ரீப்ரியா, நான் பறையறது கேக்குதா? கேட்டா மேல பாரு."

கண்குழி கிழிந்துவிடும்போலப் பார்த்தாள்.

"இனி கீழ."

பார்த்தாள்.

"இந்த சாரைக் கண்டா எரிச்சலா வருதுன்னா, இன்னொரு தடவை மேல."

பார்த்தாள். வினீத் திரும்பி வந்தார். எங்கோ ஒரு மானிட்டர் கூவியது.

"இவ கோமாவில இல்லை சார். முழுசா முழிச்சுக் கிடக்கா. உடம்புக்குள்ள பூட்டி வச்ச மாதிரி. சாதா சி.டி.யில இது தெரியாது. ரத்தக்குழாய்க்கு ஆஞ்சியோ எடுக்கணும், இப்பவே."

எடுத்தார்கள். கழுத்தின் பின்புறக் குழாயில் உள்சுவர் கிழிந்திருந்தது. அங்கே உறைந்த ரத்தக்கட்டி மேலேறி, மூளைத்தண்டுக்குப் போகும் குழாயை அடைத்திருந்தது. அபூர்வமான ஸ்ட்ரோக். தாமதித்தால் மூச்சும் நிற்கும். தொடை வழியே மெல்லிய கம்பியை ஏற்றிக் கட்டியை இழுக்க வேண்டும்.

"இவளோட அச்சன் வந்து சைன் பண்ணட்டும்," என்றார் வினீத்.

"மலையிறங்கி வரவரைக்கும் மூளை காத்திருக்காது. ஆளே இங்க இருக்கா, கேக்கலாமே." ரெம்யா அவள் பக்கம் திரும்பினாள். "ஆபத்து உண்டு. செய்யட்டுமா?"

வாழ்க்கையில் அவள் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை. மேலே பார்த்தாள்.

கட்டி வந்துவிட்டது.

விழித்தபோது வேறு வார்டு. வலது கட்டைவிரல் அசைந்தது. அவளுடைய விரல். அவள் சொல்லி அசைந்தது. "ஜெயிச்சுட்டே. தொண்டைக் குழாய் எடுத்தப்புறம் பேசலாம்," என்று கன்னத்தைத் தட்டிவிட்டு ரெம்யா போனாள்.

எதிர்க் கட்டிலில் ஒரு நடுவயது ஆள் கிடந்தார். தொண்டையில் துளை, அதில் குழாய். காலடியில் அவருடைய உறவினர் இரண்டு பேர்.

"எத்தனை நாள் இப்படியே போட்டு வைக்கறது? ஒரு ஓர்மையும் இல்லை, நினைவும் இல்லை. காலம்பற வீட்டுக்குக் கொண்டுபோய்ட்டு, அங்க வச்சுக் குழாயை எடுத்துடலாம். சாஸ்திரிகளண்டை சொல்லியாச்சு."

அந்த ஆளின் கண்கள் மேலே போயின.

கீழே வந்தன.

மேலே.

ஸ்ரீப்ரியா கட்டைவிரலால் கட்டில் கம்பியைத் தட்டினாள். டக். டக். டக்.

"எந்தா மோளே, பேடிக்கண்டா, பயப்படாதே," என்று நர்ஸ் ஓடி வந்து விரலைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ரீப்ரியா விரலை விடுவித்துத் தட்டினாள். அந்த ஆளைப் பார். என்னை இல்லை. அவரை! நர்ஸ் சலைன் குழாயில் ஊசியைச் செருகினாள். இமை கனத்தது. மூட மாட்டேன். தட்டினாள். மூட மாட்டேன்.

எதிர்க் கட்டிலின் பச்சைத் திரையை யாரோ இழுத்தார்கள். வளையங்கள் கம்பியில் கரகரத்தன. ஒரு சாண் இடுக்கு மிச்சமிருந்தது. அந்த இடுக்கில் இரண்டு கண்கள், அவளையே பார்த்தபடி, கீழே.

மேலே.

கீழே.